மேட்டில் அடிதட்டிய கார்: ஒரு மைலேஜ் கணக்கு

முதல் சந்தேகம் ஸ்பீடு பிரேக்கரில்தான் வந்தது. மதுரை விளாங்குடியில் எங்கள் தெருமுனையில் தெருக்காரர்களே சிமென்ட் போட்டு எழுப்பிய ஒரு மேடு இருக்கிறது. அளவு, சட்டம் எதற்கும் கட்டுப்படாத மேடு. என் மைத்துனன் பத்து வருஷமாக அதில் சத்தமில்லாமல் ஏறி இறங்கியவன். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கார் அதில் அடிதட்டிய சத்தம் வீட்டுக்குள் இருந்த எனக்கே கேட்டது. வண்டியில் அவனும் அவன் மகளும் மட்டும்தான். டிக்கியில் மூட்டை கிடையாது.

இறங்கியவனுக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. "மச்சான், வண்டி மைலேஜ் ஏறிருச்சு. பதினாலு சொச்சம் குடுத்தது இப்ப பதினேழுக்குப் பக்கத்துல வந்துருச்சு, பாருங்க" என்று நோட்டில் எழுதி வைத்திருந்த கணக்கைக் காட்டினான். முன்பு 14.8. இப்போது 16.9. நூற்றுக்குப் பதினாலு ஏற்றம்.

நான் ஒரு பாலிடெக்னிக்கின் ஆட்டோமொபைல் லேபில் இருபது வருஷம் இருந்தவன். மைலேஜ் ஏறியது என்று யார் சொன்னாலும் "எதை வைத்து அளந்தாய்?" என்று கேட்டுவிடுவேன், இதனால் சொந்தபந்தத்தில் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு. அன்று கேட்கவில்லை. காபி குடித்து முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, வாசலுக்குப் போய்க் குனிந்து டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணைப் படித்தேன்.

வண்டியும் அதில் ஏறிய சாமான்களும்

2014 மாடல் சின்ன செடான். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர், பிஎஸ்4. ஓட்டம் 86,000 கிலோமீட்டர். மைத்துனனுக்கு சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம். வாரத்தில் பாதி நாள் மதுரைக்குள் கடை கடையாக. மீதி நாள் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, இல்லையென்றால் அருப்புக்கோட்டைப் பக்கம். மாதத்துக்கு 1,500 கிலோமீட்டர் போகும்.

ஒரு வருஷமாகவே அவனுக்கு மைலேஜ் புலம்பல். அதில் நியாயம் இருந்தது. பங்க்கில் வருவது இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் மொத்தத்தில் ஆறேழு சதவீதம் சக்தி போயிற்று. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்கு டியூன் செய்த நாலு சக்கர வண்டிகளுக்கு மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. அதாவது வண்டி கெட்டுப்போகவில்லை. டேங்கில் விழும் சரக்கு மாறியிருக்கிறது. இதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. பைபாஸ் ரோட்டில் ஒரு அக்சசரீஸ் கடைக்காரர் வேறு ஒன்றைச் சொன்னார்.

அவர் சொல்லி ஏறியவை இவை. பழைய ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சிவப்புக் கோன் ஃபில்டர், 4,800 ரூபாய். பெட்ரோல் ஹோஸைச் சுற்றிக் கட்டும் ஒரு ஜோடி காந்தம், 1,500. ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக் கோளாறு பார்க்கக் கருவி மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் சொருகும் தீப்பெட்டி அளவு சிப், 900. கடைசியாக, வேறொரு ஹேட்ச்பேக்கில் இருந்து கழற்றிய செகண்ட் ஹேண்ட் அலாய் சக்கரம் நாலு, டயரோடு சேர்த்து 18,000. ஆக மொத்தம் 25,200 ரூபாய். சேலைக் கடையில் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசும் மனுஷன் இதற்குப் பேரமே பேசவில்லையாம். மைலேஜ் என்று சொன்னால் போதும், நம் ஊரில் பர்ஸ் தானாகத் திறக்கும்.

நான் படித்த எண் 185/65 ஆர்14. கம்பெனி கொடுத்த டயர் 165/80 ஆர்14. இரண்டிலும் கடைசி எண் ஒன்றே என்பதால் ரிம் அளவு மாறவில்லை, பொருத்தமாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் நடு எண்தான் விஷயம். டயரின் அகலத்தில் எத்தனை சதவீதம் அதன் பக்கவாட்டு உயரம் என்பது அந்த எண். பழைய டயரில் 165-ல் 80 சதவீதம், 132 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து, 14 அங்குல ரிம்மையும் கூட்டினால் மொத்த விட்டம் 619.6 மில்லிமீட்டர். புதியதில் 185-ல் 65 சதவீதம், 120 சொச்சம்; விட்டம் 596.1. பார்வைக்கு அகலமாக, கம்பீரமாக இருக்கிற சக்கரம் உண்மையில் இரண்டேகால் சென்டிமீட்டருக்கு மேல் குட்டை. அதில் பாதி, கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர், வண்டியின் வயிறு தரையை நோக்கி இறங்கியிருக்கிறது. மேட்டில் தட்டியது அதனால்தான்.

வயிறு தட்டுவது போகட்டும். கிலோமீட்டர் மீட்டர் எப்படி எண்ணுகிறது? ரோட்டைப் பார்த்து அல்ல, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்து. ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்த கணக்கு அதற்குள் இருக்கிறது. பழைய டயர் ஒரு சுற்றில் 1,946 மில்லிமீட்டர் போகும். இது 1,873 மட்டுமே. மீட்டருக்கு இந்தக் கல்யாணம் தெரியாது. அது பழைய கணக்கிலேயே எழுதிக்கொண்டு போகும். ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் சும்மா ஏறும்.

காபி டம்ளரைக் கீழே வைத்தவனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி மச்சான், நாலு போகட்டும். பாக்கிப் பத்து இருக்குல்ல?" என்றான்.

நல்ல கேள்வி. அதற்காகத்தான் ஆறு ஞாயிற்றுக்கிழமை போயின.

ரோட்டுக் கல்

முதல் வேலை, மீட்டரை ஒரு நிஜமான அளவுகோலோடு வைத்துப் பார்ப்பது. தேசிய நெடுஞ்சாலை 44-ல் திருமங்கலத்துக்குத் தெற்கே, விருதுநகர் போகும் நாலு வழிச் சாலையில் கிலோமீட்டர் கற்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு கல்லுக்கு நேராக வண்டியை ஓரங்கட்டி டிரிப் மீட்டரைச் சுழியாக்கிவிட்டு, கல் கணக்கில் 25 கிலோமீட்டர் போய் நிறுத்தினோம். மீட்டர் 26.1 காட்டியது. போனில் ஓடிய ஜிபிஎஸ் கல்லோடு ஒத்துப்போனது.

கணக்கில் 3.9 சதவீதம் வரவேண்டியது ரோட்டில் 4.4 வந்தது. மீதி டயரின் தேய்மானம். இதை ஓரமாகச் சொல்லி வைக்கிறேன்: புது டயரில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் கட்டை இருக்கும், சட்டப்படி 1.6-க்கு வந்தால் மாற்ற வேண்டும். இடையில் விட்டம் 12, 13 மில்லிமீட்டர் குறைந்துவிடும். இந்த அளவு டயரில் அது 2 சதவீதம். அளவே மாற்றாமல் டயரை மொட்டையாகும் வரை ஓட்டினாலும் மீட்டர் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொல்லத் தொடங்கும்.

இனி மீட்டரை நம்புவதில்லை, கல்லும் ஜிபிஎஸ்ஸும்தான் என்று முடிவு செய்தோம். வேகத்துக்கும் அதுவே. முள் 80 காட்டும்போது வண்டி உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்தது பெட்ரோல் அளவு. இங்கேதான் பெரும்பாலான வீட்டுச் சோதனைகள் கவிழ்கின்றன. "டேங்க் ஃபுல்" என்பது ஒரு அளவு அல்ல. நாசில் தானாகக் கட் ஆன பிறகு பங்க் பையன் ரவுண்ட் தொகைக்காக இன்னும் மூன்று தடவை அழுத்துவான். வண்டி லேசாகச் சரிந்து நின்றால் கழுத்தில் காற்று தங்கி முன்னாலேயே கட் ஆகும். நான் பார்த்தவரை கால் லிட்டர், 300 மில்லி இதில் சாதாரணமாக இங்குமங்கும் போகும். 80 கிலோமீட்டர் ஓட்டி நாலரை லிட்டர் பிடித்துச் சோதனை செய்தால், அந்த 300 மில்லியே ஏழு சதவீதம். கடைக்காரர் சொல்லும் ஏற்றம் முழுவதும் அந்தக் கழுத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் 250 கிலோமீட்டர் வைத்துக்கொண்டோம். 25 போய், 25 திரும்பி, ஐந்து சுற்று. போவதும் வருவதும் ஒரே ரோடு என்பதால் காற்றும் ஏற்ற இறக்கமும் ஓரளவு ஈடாகிவிடும். தொடங்கியதும் முடித்ததும் ஒரே பங்க், ஒரே நாசில், வண்டி ஒரே பக்கம் பார்த்து, முதல் 'டக்'கோடு சரி. கப்பலூர் சுங்கச்சாவடிக்குத் தெற்கே இடம் பிடித்தது வேண்டுமென்றுதான். ஐந்து சுற்றுக்கும் டோல் கட்டினால் மைலேஜ் ஆராய்ச்சிக்கு ஃபாஸ்டேக்கில் தனி நிதி ஒதுக்க வேண்டியிருக்கும். காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடிப்போம். பெட்ரோல் ஒரு டிகிரி சூட்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு போல விரியும் என்பதால் எல்லா வாரமும் அதே நேரம்.

கிளம்புமுன் நாலு டயரிலும் குளிர்ந்த நிலையில் 33 பிஎஸ்ஐ காற்று. முதல் சுற்று முடிந்ததும் நாலு ரிம்மையும் கையால் தொட்டுப் பார்த்தேன். ஏதாவது ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அப்புறம் சோதனைக்கே பொருள் இல்லை. நாலும் ஒரே சூடு. ஏசி இரண்டில். ஜிபிஎஸ்ஸில் 75-க்கும் 80-க்கும் நடுவே வேகம். ஓட்டியது எப்போதும் மைத்துனன். நான் பக்கத்தில், மடியில் நோட்டு.

இன்னொரு தொல்லை கால். காசு கொடுத்து ஒரு சாமான் வாங்கியவன் அடுத்த ஒரு மாதத்துக்கு ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும்தான் மிதிப்பான். அவனுக்கே தெரியாது. சிப் விஷயத்தில் இதைத் தவிர்க்க முடிந்தது: சாக்கெட்டின் மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டேன், உள்ளே சிப் இருக்கிறதா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது. கோன் ஃபில்டரில் அது முடியவில்லை. அதன் உறுமல் பக்கத்துத் தெருவுக்கே கேட்கும்.

ஆறு ஞாயிறு

முதல் வாரம் எல்லாம் மாட்டியபடியே ஓடியது. 250 கிலோமீட்டருக்கு 13.7 லிட்டர், லிட்டருக்கு 18.2. இரண்டாம் வாரம் காந்தம், சிப் இரண்டையும் கழற்றி, பழைய ஃபில்டர் பெட்டியை உள்ளே புதுப் பேப்பர் ஃபில்டரோடு வைத்தோம். 13.6 லிட்டர், 18.4. மூன்றாம் வாரம் மூன்றையும் திரும்ப மாட்டினோம். 13.8, 18.1.

போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்ப்பது முக்கியம். முதல் இரண்டு வாரத்தோடு நிறுத்தியிருந்தால், "கழற்றினால் மைலேஜ் ஏறுகிறது" என்று நான் ஒரு தலைப்புப் போட்டிருப்பேன். அதுவும் பொய்தான். மூன்று எண்களும் பங்க் நாசிலின் பிசகுக்குள் அடக்கம். 7,200 ரூபாய்ச் சாமான்கள் மைலேஜைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சும்மா கூட வந்தன.

நாலாம் வாரம் சக்கரம். அலாயைக் கழற்றிவிட்டு, அவன் வீட்டு மாடியில் கிடந்த பழைய இரும்பு ரிம்மையும் 165/80 டயரையும் மாட்டினோம். 13.2 லிட்டர்; 18.9. அதாவது அலாய் டயர் உண்மையில் மைலேஜைக் கிட்டத்தட்ட நாலு சதவீதம் தின்றுகொண்டிருந்தது. காரணம் தெளிவு. சக்கரம் குட்டையானதால் அதே 77 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் நாலு சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். எல்லா கியரும் ஒரு பிடி கீழே இறங்கினது போல. அதோடு டயரும் 2 சென்டிமீட்டர் அகலம் கூடியிருக்கிறது. "பிக்கப் நல்லா இருக்கு மச்சான்" என்று அவன் சொன்னதும் இதே காரணத்தால்தான். அது பொய் இல்லை.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். பழைய டயரோடும் மீட்டரைக் கல்லோடு சரிபார்த்தேன், ஒரு சதவீதத்துக்கும் குறைவான பிசகு. மீட்டரில் வந்த கிலோமீட்டரையே வைத்து நான் கணக்குப் போட்டிருந்தால், அலாயோடு 19.0, பழைய சக்கரத்தோடு 19.1. இரண்டும் ஒன்று! அந்த டயர் தின்ற பெட்ரோலை அதே டயர் ஏற்றிய பொய்க் கிலோமீட்டர் அப்படியே மூடி மறைத்துவிட்டது. கள்ளக் கணக்கு எழுதும் குமாஸ்தாகூட இவ்வளவு சுத்தமாக வரவையும் செலவையும் நேர் செய்ய மாட்டான்.

இதில் எனக்கே ஒரு அடி. மேட்டில் வண்டி தட்டிய அன்று, மைலேஜ் ஏறியதே மீட்டரின் பொய்தான் என்று நான் மனதுக்குள் கேஸை முடித்துவிட்டேன். அது பாதிதான் சரி. மீட்டர் நாலு கூட்டியது, சக்கரம் நாலு குறைத்தது, மிச்சம் சுழி. அப்படியானால் நோட்டில் அவன் எழுதிய அந்த 2 கிலோமீட்டர் வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும்.

சாமான்கள் ஏன் வேலை செய்யவில்லை

அந்தக் கேள்விக்குப் போகுமுன், கழற்றி வைத்த மூன்றையும் பற்றி. மைத்துனன் விடவில்லை: "எத்தனை பேர் போடுறாங்க மச்சான், ஒண்ணுமே இல்லாமலா?"

ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தால் மைலேஜ் வரும் என்பது அம்பாசடர், பத்மினி காலத்து உண்மை. கார்புரேட்டர் வண்டியில் காற்று அடைத்தால் பெட்ரோல் விகிதம் கூடிவிடும். 2009-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் அடைத்துப்போன ஃபில்டரை மாற்றிச் சோதித்தபோது, பழைய கார்புரேட்டர் வண்டியில் 2 முதல் 6 சதவீதம் மைலேஜ் தேறியது. ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், இவன் வண்டியும் அந்த வகைதான், ஒன்றும் தேறவில்லை. பிக்கப் மட்டும் கூடியது. அடைத்துப்போன ஃபில்டருக்கே இந்தக் கதி என்றால், நல்ல பேப்பர் ஃபில்டரை எடுத்துவிட்டுக் கோன் வைத்து என்ன கிடைக்கும்?

விஷயம் இதுதான். பெட்ரோல் வண்டியில் நீங்கள் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது திறப்பது காற்றின் வாசல். நிதானமாகப் போகும்போது அந்த திராட்டில் தகடு முக்கால்வாசி மூடித்தான் இருக்கும். வாசற்கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, தெருவை அகலப்படுத்தினால் வீட்டுக்குள் வரும் காற்று கூடுமா? உள்ளே வந்த காற்று எவ்வளவு என்று சென்சார் சொல்லும், அதற்கு 14.7-க்கு 1 என்ற எடை விகிதத்தை ஒட்டி இசியூ என்கிற வண்டியின் மூளை பெட்ரோல் தெளிக்கும், கலப்பு சரியா என்று சைலன்சர் பைப்பில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சொல்லும், இசியூ திருத்தும். எத்தனால் கலந்தால் அந்த விகிதமே கொஞ்சம் இறங்கும், அதையும் இதே சென்சார் வைத்துச் சரிக்கட்டும். வெளியில் இருந்து எதைச் சொருகினாலும் அடுத்த நொடியே திருத்திவிடுகிற வாத்தியார் அவர். அதற்கு மேல், திறந்த கோன் ஃபில்டர் பானட்டுக்குள் கொதிக்கும் காற்றைத்தான் இழுக்கிறது, மேலூர்ப் பக்கம் கிரானைட் லாரிக்குப் பின்னால் போனால் தூசியையும் சேர்த்து.

காந்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்ரோல் இரும்புத்தூள் அல்ல. காந்தத்தைக் கண்டு வரிசையில் நிற்கும் குணம் அதன் மூலக்கூறுகளுக்குக் கிடையாது. நின்றாலும்கூட, இன்ஜெக்டருக்குப் போவதற்குள் கலைந்துவிடும்.

சிப்பைத் திறந்து பார்த்தோம். ஸ்க்ரூகூட இல்லை, நகத்தால் நெம்பினால் விரியும் பிளாஸ்டிக் கூடு. உள்ளே ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை போர்டு. அதில் ஒரு குட்டி ஐசி, நாலைந்து ரெசிஸ்டர், மூன்று எல்இடி, ஒரு பட்டன். ஓபிடி சாக்கெட்டில் மொத்தம் 16 பின். 16-ஆவது பேட்டரி பாசிட்டிவ், 4, 5 எர்த். வண்டியின் மூளையோடு பேச வேண்டுமானால் 6, 14 வழியாகப் பேச வேண்டும், அதற்கென்று தனி ஐசி வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 6, 14 பின்களில் இருந்து கிளம்பிய செப்புத் தடம் போர்டின் நடுவில் எங்கும் சேராமல் நின்றுவிட்டது. மின்சாரம் வாங்குகிறது, விளக்கு மினுக்குகிறது, அவ்வளவுதான் அதன் உத்தியோகம். 900 ரூபாய்க்குக் கொஞ்சம் விலை கூடிய நைட் லேம்ப். மைத்துனன் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இது மதுரைக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதுபோன்ற பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் கருவிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைப் பரிசோதித்திருக்கிறது. மைலேஜை உருப்படியாகக் கூட்டிய ஒன்றும் கிடைக்கவில்லை. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் தரும் கிட்டும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். தண்ணீரைப் பிரிக்கும் மின்சாரம் ஆல்டர்னேட்டரில் இருந்து, ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது எஞ்சின், எஞ்சினுக்குப் பெட்ரோல். ஒவ்வொரு கைமாற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் நஷ்டம். தன் கடையிலேயே கடன் வாங்கித் தன் கடையிலேயே சரக்கு வாங்கி லாபம் பார்ப்பது போல.

எல்லா மாற்றமும் வீண் என்று சொல்ல மாட்டேன். உருளும் தடை குறைந்த டயர் என்று இருக்கிறது; அந்தத் தடையில் பத்து சதவீதம் குறைந்தால் மைலேஜ் 1 முதல் 2 சதவீதம் ஏறும். எஞ்சின் ஆயிலிலும் அதே அளவு இருக்கிறது. இவன் வண்டிக்குப் போன சர்வீஸில் ஒரு மெக்கானிக் 20டபிள்யூ40 ஊற்றியிருந்தார், "கெட்டியா இருந்தாத்தான் எஞ்சினுக்கு நல்லது" என்று. கையேட்டில் போட்டிருப்பது அதைவிட மெல்லிய ஆயில். சோதனை நடக்கும்போது மாற்றினால் கணக்குக் குழம்பும் என்று ஆறு வாரமும் அதே ஆயிலில் ஓட்டி, முடிந்த பிறகுதான் மாற்றினோம். சிஎன்ஜி மாற்றிக்கொள்வது வேறு கணக்கு. அது மைலேஜ் அல்ல, விலை. கிலோவுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும்போது ஒன்றை மறக்கக்கூடாது: ஒரு கிலோ சிஎன்ஜியில் ஒரு லிட்டர் பெட்ரோலைப் போல ஒன்றரை மடங்கு சக்தி இருக்கிறது. கிலோவையும் லிட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிஎன்ஜி எப்போதும் ஜெயிக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் சொல்ல மாட்டார்கள். தயாரித்த கம்பெனி பதிவு செய்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று இருக்கிறது.

அந்த இரண்டு கிலோமீட்டர்

ஐந்தாம் வாரத்துக்கு முன் அவன் கணக்கு நோட்டை முதலில் இருந்து படித்தேன். 14.8 என்பது டிசம்பர் மாத ஓட்டம். மாசி வீதிகளில் கடை கடையாக நின்று, விளக்குத்தூண் நெரிசலில் முதல் கியரும் இரண்டாம் கியருமாக, பள்ளிக்கூடம் விட்டு, பள்ளிக்கூடம் எடுத்து. 16.9 என்பது பொங்கல் கழிந்து உசிலம்பட்டி வழியாகத் தேனிக்கு இரண்டு தடவை போய்வந்தது. ஊருக்குள் ஓட்டத்தையும் வெளியூர் ஓட்டத்தையும் ஒப்பிட்டிருக்கிறான். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டியிருந்தாலும் ஸ்டிக்கரால் ஏறியது என்று தோன்றும்.

டயர்க் காற்று இன்னொன்று. "பழைய டயர்ல எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டதற்கு விழித்தான். மாடியில் இருந்து இறக்கியபோது நாலும் 24, 25-தான் இருந்தன. அலாய் மாட்டிய கடையில் 33 அடித்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஒன்பது பிஎஸ்ஐ என்றால் கிட்டத்தட்ட 2 சதவீதம். இலவசம்; மிஞ்சினால் காற்றுப் பிடிக்கும் பையனுக்கு இருபது ரூபாய்.

நோட்டை மூடும்போதுதான் மூலையில் சாத்தி வைத்திருந்த அது கண்ணில் பட்டது. மேல் கேரியர். சேலை மூட்டை கட்டுவதற்காக நாலு வருஷத்துக்கு முன் மாட்டிய இரும்புக் கூடை.

"இது எப்ப கழட்டுன?"

"அலாய் போட்ட அன்னைக்குத்தான் மச்சான். புது வீலுக்கு மேல இது கோழிக் கூடு மாதிரி இருந்துச்சு."

ஐந்தாம் ஞாயிறு, பழைய சக்கரத்தோடு காலிக் கேரியரை மட்டும் மேலே மாட்டி ஓட்டினோம். 250 கிலோமீட்டருக்கு 13.9 லிட்டர், 18.0. முந்தின வாரம் 18.9. நாசிலின் பிசகைத் தாண்டிய ஐந்து சதவீதம், அதுவும் மூட்டை இல்லாத வெறுங்கூடைக்கு. எழுபதைத் தாண்டியதும் மேலே 'உய்ய்ய்' என்று ஒரு விசில். அந்த விசிலும் பெட்ரோல்தான். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். மூடிய பெட்டியைக் கூரையில் வைத்து நெடுஞ்சாலையில் போனால் மைலேஜ் 6 முதல் 17 சதவீதம் வரை விழும் என்று அதே எரிசக்தித் துறை சொல்கிறது.

ஆறாம் வாரம் கேரியர் இல்லை, பழைய சக்கரம், எல்லாம் நாலாம் வாரம் போலவே. வேகம் மட்டும் 95-க்கும் 100-க்கும் நடுவே. 15.8 லிட்டர், மைலேஜும் 15.8. ஆறு வாரத்தில் நான் பார்த்த மிகப்பெரிய வித்தியாசம் இதுதான், நூற்றுக்குப் பதினாறு இறக்கம். 250 கிலோமீட்டரில் நாற்பது நிமிஷம் மிச்சமாச்சு. திருமங்கலத்தில் டீக்கடையில் அந்த நாற்பது நிமிஷத்தை உட்கார்ந்து செலவழித்தோம்.

ஆறு வாரத்தில் எரித்தது 84 லிட்டர், எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். "இதுக்கு அந்த அலாயவே வச்சிருந்திருக்கலாம்" என்று என் வீட்டுக்காரி சொன்னாள். தம்பி மேல் இருந்த பாசமா, என் மேல் இருந்த கோபமா, தெரியவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவனே ஒரு கணக்குப் போட்டான். மாதம் 1,500 கிலோமீட்டர். 18.0-க்கு 83 லிட்டர், 18.9-க்கு 79. நாலு லிட்டர், நானூறு ரூபாய், கேரியரைக் கழற்றியதற்கு. கோன் ஃபில்டர் உண்மையிலேயே ஒரு சதவீதம் கொடுத்திருந்தால்கூட மாதம் எண்பது ரூபாய். போட்ட 4,800 திரும்ப ஐந்து வருஷம். இந்த வண்டி அதுவரை ஓடுமா என்று என்னைப் பார்த்தான்.

இப்போது கேரியர் மூட்டை இருக்கிற நாளுக்கு மட்டும் ஏறுகிறது. காந்தம் அவன் வீட்டு பிரிட்ஜில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சிப்பை மகள் பிரித்து எல்இடியை எடுத்துக்கொண்டாள். அலாயை மட்டும் 14,000 ரூபாய்க்குக் கேட்டு ஒருவர் வில்லாபுரத்தில் இருந்து வந்தார், அதே மாடல் வண்டி. நாலையும் உருட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்டார், "தம்பி, இது போட்டா மைலேஜ் எப்படி?"

மைத்துனன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "மீட்டர்ல நல்லாவே காட்டும்ணே" என்றான். நான் உள்ளே போய்விட்டேன்.